எண்ணெய் கேனில் இருக்கிறது கணக்கு

வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு வரத் தொடங்கி, தைப்பூசம் வரை வந்த கடிதங்கள் இவை. கிட்டத்தட்ட எல்லாமே உடல் எடையைப் பற்றித்தான், அதிலும் பாதிப் பேர் மாத்திரை டப்பாவைப் படம் எடுத்து அனுப்பி "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் ஏறியது இறங்கவே இல்லை. கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா கொழுப்பைக் கரைக்கும் கேப்ஸ்யூல் என்று ஒன்றை விற்கிறார், மாதம் 3,200 ரூபாய். மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது என்கிறார். அதைச் சாப்பிட்ட என் தோழிக்கு 20 நாளில் 4 கிலோ குறைந்துவிட்டது, ஆனால் படபடப்பாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்கிறாள். வீட்டுக்காரரும் வாங்கிக்கொள் என்கிறார். வாங்கலாமா? வேண்டாம் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, திருப்பூர்)

பதில்: வாங்காதீங்க அம்மிணி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், வெறுமனே வேண்டாம் என்றால் அடுத்த மாதம் வேறு டப்பா வந்து நிற்கும்.

முதலில் அந்த 4 கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 4 கிலோவுக்கு 30,800. அது 20 நாளில் தீர வேண்டுமென்றால் தினமும் 1,540 கலோரி துண்டு விழ வேண்டும். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் ஒரு நாள் முழுக்க ஆகும் செலவே 2,000 கலோரி சுற்றித்தான் இருக்கும், உங்கள் தோழிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆக அவர் தினம் 400, 500 கலோரி சாப்பிட்டுக்கொண்டு 20 நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்திருக்க வேண்டும், அது ஆகிற காரியமா? போனதில் பெரும்பகுதி தண்ணீர். பசி மந்தமாகிச் சாப்பாடு குறைந்ததும் உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து முதலில் செலவாகும், அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் வெளியேறும், தராசு சந்தோஷப்படும். பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

இந்த மாதிரிக் கேப்ஸ்யூல்களில் வழக்கமாக இருப்பவை காஃபின், கிரீன் டீ சாறு, குடம்புளிச் சாறு, சிலவற்றில் நிலாவரை. பாலக்காட்டுப் பக்கம் மீன்குழம்பில் போடுகிற அதே குடம்புளிதான், குழம்பில் கிடக்கும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதையே செறிவான சாறாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்துச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பழுதானதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு, கிரீன் டீ சாறும் அப்படித்தான். நிலாவரை பேதிக்குக் கொடுப்பது. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும், அதனால் நான்கு முறை போய்வந்தாலும் கொழுப்பில் ஒரு கிராம் குறையாது.

இதெல்லாம் லேபிளில் எழுதியிருப்பவை. எனக்குப் பயம் லேபிளில் எழுதாததைப் பற்றித்தான். சிபுட்ராமின் என்று ஒரு பசி அடக்கும் மருந்து இருந்தது. இதய நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுத்தார்கள், பிறகு இந்தியாவிலும் தடை செய்தார்கள். ஆனால் 'முழுக்க மூலிகை' என்று விற்கப்படும் இளைக்கும் மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்தால் அதே மருந்து உள்ளே ஒளிந்திருக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. படபடப்பு, தூக்கமின்மை, ரத்த அழுத்தம் ஏறுவது, எல்லாம் அதன் குணம். உங்கள் தோழியின் டப்பாவில் அதுதான் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. அதிகக் காஃபினுக்கும் அப்படி வரும். எதுவானாலும் இன்றோடு நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போய் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். டப்பாவின் மேல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவுப் பொருள் விற்க வாங்கும் உரிமத்தின் எண், மருந்தாகச் சோதித்துத் தேறியது என்று அதற்கு அர்த்தமில்லை.

இந்தக் 'கரைப்பது' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றும். ஊத்துக்குளி வெண்ணெய் வாணலியில் கரைகிற மாதிரி நம் வயிற்றுக் கொழுப்பும் கரைந்து எங்கோ ஒழுகிப் போகும் என்று மனசு படம் போட்டுக்கொள்கிறது. உண்மையில் 10 கிலோ கொழுப்பு செலவானால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. உடம்புக்குத் தேவைப்படும்போது மட்டும்தான் அந்தக் கொழுப்பு எடுத்து எரிக்கப்படும், அந்தத் தேவையை உண்டாக்குவது சாப்பாட்டின் அளவு.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள். எழுதுங்கள், போதும். காலையில் எத்தனை இட்லி, கம்பெனியில் எத்தனை டீ, சாயங்காலம் டீயோடு வந்த போண்டா, குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிட்டது, எல்லாம். இந்தக் கடைசிச் சமாச்சாரத்தை எந்த அம்மாவும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் அடுக்களைக்குப் போய் எண்ணெய் கேனைப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 5 லிட்டர் கேன் ஒன்று தீர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆளுக்குத் தினம் 40 மில்லிக்குக் கொஞ்சம் மேல். அதுவே 340 கலோரி. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 25 மில்லிதான் வரும், ஒரு வாய் சோறுகூடக் குறைக்காமல் தினம் 135 கலோரி மிச்சம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நல்லதாயிற்றே டாக்டர் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் கிராமுக்கு 9 கலோரி என்பது செக்கு எண்ணெய்க்கும் கடை பாக்கெட்டுக்கும் ஒன்றுதான். நம் பக்கத்துச் சமையலில் தேங்காயும் கைநிறைய விழும், 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது. நிறுத்த வேண்டாம், துருவுவதை எல்லாக் குழம்பிலும் போடாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டீ. ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், 200 கலோரி. ஒரே நாளில் சர்க்கரை இல்லாத டீக்குப் போகிறேன் என்று சபதம் எடுத்தால் மூன்றாம் நாள் தலைவலியோடு பழைய டீக்கே திரும்புவீர்கள். டீயை மூன்றாக்குங்கள், சர்க்கரையை ஒன்றரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று வாரா வாரம் இறக்குங்கள். சாயங்காலப் போண்டாவுக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் அவித்த தட்டைப்பயறோ சுண்டலோ, இல்லாவிட்டால் இரண்டு முட்டையோ கொண்டுபோங்கள். எண்ணெய், சர்க்கரை, போண்டா மூன்றும் சேர்ந்து தினம் 400 கலோரிக்கு அருகில் மிச்சமாகும், அது வாரத்துக்கு 300, 400 கிராம் கொழுப்பு. 3,200 ரூபாயும் மிச்சம்.

இதில் முக்கியமானது புரதம். சோறு, இட்லி, களி என்று மாவுப்பண்டமாகவே சாப்பிட்டு எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், சீக்கிரம் பசிக்கும். உங்களுக்குத் தினம் 60 கிராம் போல இருந்தால் நல்லது. இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும், 30 கிராம் பயறை வேக வைத்தால் 7 கிராம் போல, ஒரு பெரிய டம்ளர் தயிரில் 6, 7. அரிசிம்பருப்புச் சோறு செய்யும்போது அரிசியைக் கால் பங்கு குறைத்துப் பருப்பைக் கூட்டிவிடுங்கள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து அடுப்பு பற்ற வைக்கத் தெம்பில்லாமல் வழியிலேயே புரோட்டா வாங்கிவிடுகிற நாட்கள் இருக்கும், எனக்குத் தெரியும், திருப்பூரில் அந்த நேரத்தில் கடை வாசல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களுக்காக ஞாயிற்றுக்கிழமையே பச்சைப்பயறு கடைசலோ குழம்போ செய்து பிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் மாத்திரை வாங்கிக்கொள் என்று சொன்னாரல்லவா, அதற்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சமையலை அவர் பார்க்கட்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு மறுநாள் பசி கூடுதலாகவும் இனிப்பின் மேல் நாட்டம் அதிகமாகவும் இருக்கும். உங்கள் தூக்கம் ஒரு மணி நேரம் கூடினால் அதுவே பெரிய மருந்து.

நடையைப் பிறகு சேர்க்கலாம். இப்போதைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே பத்து நிமிடம், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்துப் பத்தாக இரண்டு தடவை.

இலக்கு 78-இலிருந்து 55 என்று வைக்காதீர்கள். முதலில் 74. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்க ஆரம்பிக்கும். இடுப்புச் சுற்றளவையும் ஒரு டேப்பில் அளந்து எழுதுங்கள், நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90-உம் எல்லை. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், மாதவிலக்கு ஒழுங்காக இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 22 வயது, ஒரு வருடமாக ஜிம் போகிறேன். வயிற்றில் கட்ஸ் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் கிளென்பூட்டிரால் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் கொடுத்தார். கை நடுங்குகிறது. இன்னொரு நண்பன் டி.என்.பி. என்று ஒரு மஞ்சள் பொடி இன்னும் வேகம் என்கிறான். (வாசகர், பள்ளிபாளையம்)

பதில்: தம்பி, இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றே ஒரு பொது மருத்துவரிடம் போ. மிச்சத்தை வந்து படிக்கலாம்.

கிளென்பூட்டிரால் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து, சில நாடுகளில் குதிரைகளுக்குக் கொடுப்பார்கள். இதயத்தைத் துரத்தித் துரத்தி ஓடவைக்கும், விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பது. அதோடு தைராய்டு நன்றாக இருக்கிற ஒருவன் தைராய்டு மாத்திரையும் போட்டால், ஓடுகிற குதிரையைச் சாட்டையால் அடிக்கிற மாதிரி. தைராய்டு மாத்திரை அட்டையோடு வரும் தாளிலேயே எடை குறைக்க இதைப் பயன்படுத்தாதே என்ற எச்சரிக்கை உண்டு, யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை.

அந்த மஞ்சள் பொடியின் கதை பழையது. முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளிகள் காய்ச்சலும் வியர்வையுமாக இளைத்துப் போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். 1933-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதை இளைக்கும் மருந்தாக எழுதினார்கள், விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று, பிறகு கண்புரையும் சாவும் வந்து 1938-இல் அங்கே மனிதருக்கு ஆகாது என்று நிறுத்தினார்கள். உடம்பின் செல்களுக்குள் எரிபொருளை வேலைக்குப் பயன்படாமல் வெறும் சூடாக வீணடிக்கிறது, அதுதான் அது செய்வது. சூடு அளவு மீறிப் போனால் இறக்குவதற்கு மாற்று மருந்து கிடையாது. கொழுப்பை நிஜமாகவே எரிக்கிற மருந்து ஒன்று உண்டென்றால் அது இதுதான், ஆளையும் சேர்த்து எரிக்கும்.

கட்ஸ் பற்றி ஒன்று. பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிடுகிற ஊர்க்காரன் நீ, கோழியில் குறையில்லை, எண்ணெயைப் பாதியாக்கச் சொல், வறமிளகாய் அப்படியே இருக்கட்டும். தேங்காய்ப் பல்லை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு.

கேள்வி: "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று எங்கள் அம்மிச்சி சொல்வார். கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு போகுமா? கம்பு, ராகிக்கு மாறினால்? (வாசகி, காங்கயம்)

பதில்: அம்மிச்சி சொன்னதில் எள்ளு பாதி முழு உண்மை, எள்ளில் பாதி எண்ணெய்தான். கொள்ளு பாதியில் கொஞ்சம் விளக்கம் வேண்டும். கொள்ளில் நூற்றுக்கு 22 கிராம் போலப் புரதம், நல்ல நார்ச்சத்து, கொழுப்பு மிகக் குறைவு. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளுப்பருப்பை வைத்தால் வயிறு நிறையும், பசி தள்ளிப் போகும், அப்படித்தான் இளைக்கும். ஆனால் இப்போது பலர் கொள்ளை ஊற வைத்துத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போடுகிறார்கள். இளைக்கப்போவது யார்? குதிரைக்கும் கொள்ளுதான் வைக்கிறோம், அது மெலிந்திருப்பது ஓடுவதால்.

கம்பும் அரிசியும் உலர்ந்த எடையில் பார்த்தால் கலோரியில் ஏறக்குறைய சமம். கம்பில் நார்ச்சத்தும் புரதமும் கூடுதல், அதனால் குறைவாகச் சாப்பிட்டாலே போதும் என்று தோன்றும், அதுதான் லாபம். மோர் ஊற்றிய கம்மங்கூழ் ஒரு சொம்போடு நின்றால் நல்லது. மோர்மிளகாய், வடகம், அப்பளம் எல்லாம் பொரித்துத் தொட்டுக்கொண்டு மூன்று சொம்பு என்றால் அரிசியே தேவலை.

கேள்வி: தைப்பூசத்துக்கு ஈரோட்டிலிருந்து பழனிக்கு நான்கு நாள் பாதயாத்திரை போனேன். 100 கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது! (வாசகர், ஈரோடு)

பதில்: முருகன் மேல் கோபப்படாதீர்கள். 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சும்மா இருப்பதைவிட 50 கலோரி சுற்றித்தான் கூடுதலாகச் செலவாகும். 100 கிலோமீட்டருக்கு 5,000, அதாவது முக்கால் கிலோ கொழுப்புகூட இல்லை. வழி நெடுக அன்னதானம், சுண்டல், பொங்கல், இனிப்பு டீ. நீங்களே கேட்டு வாங்கவில்லை, கையைப் பிடித்து உட்கார வைத்துப் போடுவார்கள், அதை மறுக்கவும் மனசு வராது. போதாக்குறைக்கு நடந்து வீங்கிய கால்களில் தண்ணீர் தேங்கியிருக்கும், அது நாலைந்து நாளில் வடிந்துவிடும்.

அதற்காக நடை வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த எடை திரும்பி ஏறாமல் பிடித்து வைப்பது நடைதான், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அதன் பலன் எடை குறையாவிட்டாலும் உண்டு. வருடத்துக்கு நான்கு நாள் என்பதைத்தான் மாற்ற வேண்டும். வ.உ.சி. பூங்காவில் தினம் 40 நிமிடம் போதும். சென்னிமலைப் படி ஏறுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முழங்கால் வலி இருந்தால் ஏறிவிட்டு இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள், மூட்டைப் படுத்துவது பெரும்பாலும் இறக்கம்தான்.

கேள்வி: வயது 52, எடை 104 கிலோ, பத்து வருடமாகச் சர்க்கரை. டாக்டர் வாரம் ஒரு ஊசி என்று புதிய மருந்தைச் சொல்கிறார். நீங்கள் எப்போதும் மருந்தே வேண்டாம் என்கிறீர்களே? (வாசகர், கோவை)

பதில்: நான் வேண்டாம் என்பது கைமாறி வரும் கேப்ஸ்யூலை. உங்கள் டாக்டர் சொல்வது வேறு. மவுன்ஜாரோ, வெகோவி என்று 2025-இல் இந்தியாவுக்கு வந்த ஊசிகள் கொழுப்பை எரிப்பதில்லை, குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். உங்கள் எடைக்கும் சர்க்கரைக்கும் அது பொருத்தமாக இருக்கலாம், அவரே கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார். குமட்டல், மலச்சிக்கல் ஆரம்பத்தில் சகஜம். கணைய அழற்சி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா, இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். செமாக்ளுடைடு என்கிற வெகோவி மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்ப ஏறியது. அதனால் திருப்பூர் வாசகிக்குச் சொன்ன எண்ணெய்க் கணக்கும் பருப்புக் கணக்கும் உங்களுக்கும் பொருந்தும், பசி அடங்கியிருக்கும்போது பழகிக்கொள்வது சுலபம். அழகு நிலையத்திலோ தெரிந்த பையனிடமோ மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதத்தில் 5 கிலோ குறைத்தேன், இப்போது ஒரு மாதமாக அசையவில்லை. காலையில் 68.2, சாயங்காலம் 69.6 என்று காட்டுகிறது, மறுநாள் வேறு. மெஷினை மாற்றட்டுமா, சாப்பாட்டை மாற்றட்டுமா? (வாசகி, கோபி)

பதில்: 5 கிலோ குறைந்த உடம்புக்கு முன்பு ஆன செலவு இப்போது ஆகாது, அதனால் பழைய அளவே இப்போது சமநிலை ஆகியிருக்கும். ஒரு வாரம் மறுபடி எழுதிப் பாருங்கள், நிச்சயம் ஏதாவது சத்தமில்லாமல் உள்ளே வந்திருக்கும், ஒப்புட்டுக்கு நெய், டிவி பார்க்கும்போது கடலை. ஒரு கைப்பிடி நிலக்கடலையே 170 கலோரி. ஒன்றும் இல்லையென்றால் நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள், இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள்.

காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ வித்தியாசம் என்பது சாப்பாடும் தண்ணீரும்தான். வாரம் ஒருமுறை, காலையில் கழிவறை போய்வந்த பின், ஒன்றும் சாப்பிடாமல் பாருங்கள். மெஷின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். பவானி ஜமக்காளத்தின் மேல் வைத்திருக்கிறீர்கள் அம்மா, அதை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வையுங்கள்.